எல்லைக் கல்லூரிகளும் சட்ட எழுத்தும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே அமைந்திருக்கும் பெருமாட்டி ஊராட்சியின் பெயர், இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான பெயராகும். அந்த ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை அளவுக்கு மீறி நிலத்தடி நீரை எடுப்பதாகவும், அதனால் கிணறுகள் வற்றியும் கெட்டும் போனதாகவும் கூறி எரவாளர், மலசர் பழங்குடியினரும் அக்கம்பக்கத்து உழவர்களும் போராடியதைத் தொடர்ந்து, ஊராட்சி மன்றம் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த மறுப்பிலிருந்து எழுந்த வழக்கில் 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களுக்கு உரியது என்றும், அரசு அதைக் காக்கும் அறங்காவலரின் இடத்தில் இருக்கிறது என்றும் தீர்ப்பளித்தார். பொதுச் செல்வங்களை மக்களின் சார்பில் அரசு காவல் செய்கிறது என்னும் இக்கருத்தைப் பொது அறங்காவல் கோட்பாடு எனலாம். 2005ஆம் ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு இதனோடு மாறுபட்டு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை நீர் எடுக்க ஆலைக்கு இடமளித்த போதிலும், முதல் தீர்ப்பு ‘கேரளா லா டைம்ஸ்’ இதழின் 2004ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சாகி, அதிலிருந்து பாடநூல்களுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பரவி, இன்று வரை படிக்கப்பட்டு வருகிறது.

அது படிக்கப்படுவது ஆங்கிலத்தில். போராட்டப் பந்தலில் அமர்ந்திருந்தவர்களின் பேச்சோ தமிழும் மலையாளமும் அவற்றோடு கலந்த பழங்குடி மொழிகளுமாக இருந்தது. தங்கள் ஊரின் பெயரால் உருவான சட்டக் கருத்தைத் தங்கள் மொழியில் படித்தறியும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைத்திருக்கும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் நிலம், தோட்டத் தொழிலாளரின் போனஸ், முல்லைப் பெரியாறு அணை, அட்டப்பாடிப் பழங்குடியினரின் கைவிட்டுப் போன நிலங்கள் என எல்லைப்புறத்தின் பெரிய கேள்விகள் பலவும் நீதிமன்றம் ஏறியவை, அங்கிருந்து ஆங்கிலத் தொகுதிகளுக்குள் சென்று தங்கியவை. இந்த இடைவெளியை நிரப்பத்தக்கவர்கள் யார் என்று எண்ணும்போது, தமிழை வீட்டிலும் மலையாளத்தைக் கடைத்தெருவிலும் அரசு அலுவலகத்திலும் ஆங்கிலத்தை வகுப்பறையிலும் புழங்கிப் பழகிய எல்லைப்புறக் கல்லூரிகளின் இளநிலை மாணவர்களே முதலில் நினைவுக்கு வர வேண்டும். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளிடம் சட்டப் பதிப்பு வேலையை ஒப்படைப்பதா என்று தயங்குபவர்களுக்கு, உலகின் புகழ்பெற்ற சட்ட இதழ்கள் பலவற்றை நடத்துபவர்கள் மாணவர்களே என்ற செய்தி வியப்பளிக்கலாம்.

சட்டப் பதிப்பு என்பதன் கீழ் இரண்டு வகை எழுத்து அடங்கும். நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்புகளில் ஏதேனும் ஒரு சட்டக் கேள்விக்கு விடை காண்பவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் சாரத்தைச் சில வரிகளில் எழுதி வெளியிடுவது தீர்ப்புத் தொகுப்பு ஆகும். அந்தச் சாரமே தலைக்குறிப்பு எனப்படும். தீர்ப்புகளையும் சட்டங்களையும் அலசி எழுதப்படும் கட்டுரைகளைத் தாங்கி வருவது சட்ட ஆய்விதழ். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சொன்னதைக் கீழ் நீதிமன்றங்கள் பின்பற்றியாக வேண்டும் என்ற விதி இருப்பதால், ஒரு தீர்ப்பு எங்கே அச்சாகிறது, அதன் தலைக்குறிப்பு எவ்வாறு எழுதப்படுகிறது என்பவை வழக்கின் முடிவையே தொடக்கூடிய விவகாரங்களாகும். இந்தியாவில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1876 முதல் அரசே ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ வரிசையை வெளியிடத் தொடங்கியது. 1891இல் சென்னையில் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பிறந்தது. மயிலாப்பூரில் சனிக்கிழமைகளில் கூடி அண்மைத் தீர்ப்புகளை விவாதித்து வந்த வழக்கறிஞர் வட்டத்திலிருந்து முளைத்த அவ்விதழின் தொடக்க கால முயற்சியில் பாலக்காட்டைச் சேர்ந்த இருவர் பங்கு கொண்டனர்: மங்கரையில் பிறந்து பின்னாளில் காங்கிரஸ் தலைவராகவும் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய சேற்றூர் சங்கரன் நாயர் ஒருவர், புதுக்கோடு என்னும் ஊரைச் சேர்ந்த பி. ஆர். சுந்தர ஐயர் மற்றவர். மலபார் சட்டம் பற்றி விரிவான நூல் எழுதிய சுந்தர ஐயர், வழக்கறிஞர் தொழிலின் அறம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளும் நூலாக வெளிவந்தன. அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1972 ஜனவரி 26 அன்று உருவான இடுக்கி மாவட்டத்தில் இன்று அடங்கியிருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. 1956இல் இரண்டும் ஒரே கேரளத்துக்குள் வரும் வரை, இவ்விரு எல்லைப்புறங்களின் சட்ட வரலாறு வெவ்வேறு பாதைகளில் ஓடியது என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. ‘கேரளா லா டைம்ஸ்’ 1949இல் தொடங்கப்பட்டது.

தமிழில் தீர்ப்புகளை அச்சிடும் முயற்சி ‘மெட்ராஸ் லா ஜர்ன’லுக்கும் முந்தியது. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான, அக்காலத்து மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்ற புகழ் அவருடைய இந்தப் பணியை மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது. வழக்காடுபவனுக்குப் புரியாத மொழியில் நீதி வழங்கப்படுவது நீதிக்கே குறை என்று அவர் கருதினார், தம் பதவிக் காலத்திலேயே அதற்கான மாற்றைச் செய்தும் காட்டினார். இன்றைய தமிழ்நாட்டில் ‘தீர்ப்புத் திரட்டு’ என்னும் வெளியீடு அவ்வழியில் வருவது. உச்ச நீதிமன்றமும் 2019 முதல் தன் தீர்ப்புகளில் சிலவற்றை வட்டார மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தன் தீர்ப்புகளை மலையாளத்தில் வெளியிடத் தொடங்கியபோது அது நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்டது, பாராட்டுக்கு உரியதும்கூட. ஆனால் கேரள எல்லையோர ஊர்களான மறையூரிலோ வடகரைப்பதியிலோ தமிழ்வழியில் படித்த ஒருவருக்கு இந்த ஏற்பாடுகளால் கிடைக்கும் பயன் குறைவு. தமிழ்நாட்டின் வெளியீடுகள் அங்குள்ள வழக்குகளையே நோக்குகின்றன. கேரளத்தின் மொழியாக்கமோ மலையாளம் படிப்பவரை நோக்கியது.

மாணவர்கள் சட்ட இதழ் நடத்தும் மரபு அமெரிக்காவில் வேரூன்றியது. 1887இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ‘ஹார்வர்டு லா ரிவ்யூ’ இதழில் 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் ஆகிய இருவர் எழுதிய தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரை, நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் 2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த புட்டசாமி வழக்கில் விரிவாக எடுத்துப் பேசப்பட்டது. அமெரிக்காவில் சட்டம் படிப்பவர் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர். இந்தியாவிலோ பெங்களூரில் 1987ஆம் ஆண்டில் உருவான தேசியச் சட்டப் பள்ளியில், கேரளத்தவரான என். ஆர். மாதவ மேனனின் வழிகாட்டலில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு வேர்விட்ட பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த இளநிலை மாணவர்களே இதழாசிரியர்களாயினர். அப்பள்ளியின் மாணவர் இதழ் பெயர் மாறி இன்று ‘நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவ்யூ’ என வெளிவருகிறது. கொச்சியில் 2005இல் அமைந்த தேசிய மேல்நிலைச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் பொறுப்பில் ஆய்விதழ் வருகிறது. இத்தகைய இதழ்களில் வரும் கட்டுரையின் ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு மதிப்பிடுவதும், ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், வாதத்தில் உள்ள ஓட்டையைச் சுட்டி எழுத்தாளருக்குத் திருப்பி அனுப்புவதும் மாணவர் குழுவின் வேலைகள். பேராசிரியர் எழுதிய கட்டுரையையும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் திருத்தக் கேட்கலாம். வகுப்பறை தராத ஒரு கல்வி இதில் இருக்கிறது: சொல்லப்படும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் எங்கே என்று கேட்கும் பழக்கம் இளம் வயதிலேயே படிகிறது.

இந்தக் கல்வி பெரும்பாலும் பெருநகரப் பள்ளிகளிலிருந்து வந்த, ஆங்கிலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கே கிடைத்தது என்ற குறையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்னாத் பஷீர். அவர் 2010இல் தொடங்கிய ‘இடியா’ என்னும் அமைப்பு, சட்டப் பள்ளி மாணவர்களைக் கொண்டே சிற்றூர்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளித்து, அவர்களைத் தேசியச் சட்டப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. 2019இல் அவர் மறைந்த பின்னும் அது மாணவர் கிளைகளின் உழைப்பால் இயங்குகிறது. கல்லூரி மாணவர் அமைப்பு என்றால் கொடியும் முழக்கமும் மட்டும் நினைவுக்கு வரும் ஒரு மாநிலத்தில், இப்படியும் ஓர் அமைப்பு இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

எல்லைப்புற நிலைமைக்கு வருவோம். சித்தூர் வட்டத்தின் எலவஞ்சேரியிலும் பாலக்காடு மாவட்டத்தின் லக்கிடியிலும் இடுக்கியின் தொடுபுழையிலும் சட்டக் கல்லூரிகள் உள்ளன. மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியார் போன்ற தமிழர் வாழும் மலையூர்களில் இல்லை. அங்குள்ள இளைஞர் பெரும்பாலும் கலை, அறிவியல், வணிகவியல் படிப்புகளுக்கே செல்கின்றனர். 1947இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. அட்டப்பாடியில் 2012 முதல் அரசுக் கல்லூரி இயங்குகிறது. மூணாறு அரசுக் கல்லூரியோ 2018 ஆகஸ்டு நிலச்சரிவில் தன் கட்டடத்தை இழந்தது. ஆகவே இப்பகுதியில் சட்ட எழுத்து வளர வேண்டுமானால் சட்டக் கல்லூரிக்கு வெளியே, பொதுக் கல்லூரிகளின் மாணவர் அமைப்புகளுக்குள்தான் அது வளர்ந்தாக வேண்டும். அதற்கான ஓர் அமைப்பு கேரளத்தில் ஏற்கெனவே இருப்பது நல்வாய்ப்பு. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பாலக்காட்டுக் கல்லூரிகளிலும், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் இடுக்கிக் கல்லூரிகளிலும், மாணவர் ஒன்றியத்துக்கு, அங்குள்ளோர் வழக்கில் யூனியனுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் தேர்தலில் தலைவர், செயலாளர், கலைச் செயலாளர், பல்கலைக்கழக ஒன்றியப் பிரதிநிதி ஆகியோரோடு மாணவர் ஆசிரியர் என்ற பொறுப்புக்கும் வாக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி மலரை வெளியிடுவது அவருடைய கடமை. வாக்கு கேட்டு வென்று இதழாசிரியராவது வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காத வழக்கம். மாணவர் அமைப்பும் பதிப்பும் இங்கே ஒரே வாக்குச்சீட்டில் இணைந்திருக்கின்றன.

அந்த வாக்குச்சீட்டைப் பற்றிய இந்தியச் சட்டமும் கேரளத்தில் பிறந்ததே. கோட்டயம் மாவட்டம் பாலாவில் உள்ள செயின்ட் தாமஸ் கல்லூரியில் எழுந்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2003ஆம் ஆண்டில், வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைகளைத் தடை செய்யக் கல்லூரி நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்துக் கே.எஸ்.யு. என்னும் மாணவர் அமைப்பு செய்த மேல்முறையீடும் 2004இல் தோற்றது. ஒன்றியத் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்பதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகமா கல்லூரியா என்று கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் இடையே நடந்த மற்றொரு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2006 மே மாதம் அளிக்கப்பட்ட அதன் பரிந்துரைகளைச் செயல்படுத்துமாறு அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இளநிலை மாணவர் 17 முதல் 22 வயதுக்குள் இருந்தால் மட்டுமே போட்டியிடலாம், 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும், தேர்வு நிலுவை இருக்கக் கூடாது, ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது, அச்சிட்ட சுவரொட்டிக்குப் பதிலாகக் கையால் எழுதியதையே ஒட்ட வேண்டும், தேர்தல் நடவடிக்கை முழுவதும் பத்து நாள்களுக்குள் முடிய வேண்டும் என்பவை அவற்றுள் சில. நீதிமன்றம் இவ்வாறு விதிகளை இயற்றலாமா என்ற ஐயத்தை 2009இல் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்றே எழுப்பி, அரசியல் சாசன அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. 2020 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் கல்வி நிலையங்களில் வேலைநிறுத்தம், முற்றுகை போன்றவற்றுக்கு எதிராக மீண்டும் ஆணையிட்டது.

செலவுக்கும் வன்முறைக்கும் கடிவாளம் போடும் லிங்டோ விதிகள் பெரும்பாலும் நியாயமானவையே. ஆயினும் 61ஆம் அரசியல் சாசனத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த நாட்டில், நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் குடிமகனைக் கல்லூரி வாசலில் அரசியலைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது பொருந்தாது. இந்தத் தீர்ப்புகளால் கட்டுப்படுத்தப்படும் மாணவர்கள் அவற்றைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதைவிட நியாயமானது. தங்கள் மீது நடைமுறையில் உள்ள சட்டத்தைத் தங்கள் மலரில் தங்கள் மொழியில் அச்சிட்டு விவாதிக்கும் ஒன்றியமே அந்தச் சட்டத்தை மாற்றக் கோரும் தகுதியையும் பெறுகிறது.

வளாக மோதல்கள் கேரளத்துக்கு ஏற்படுத்திய காயங்களில் ஒன்று நேரே இந்த எல்லையைத் தொட்டது. இடுக்கி மாவட்டம் வட்டவடையில் தமிழ் பேசும் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் இளநிலை வேதியியல் படித்துக் கொண்டிருந்த இந்திய மாணவர் சங்கத்தின், அதாவது எஸ்.எப்.ஐ.யின், செயல்வீரரான அபிமன்யு, 2018 ஜூலை 2ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் சுவரில் விளம்பரம் எழுதுவது தொடர்பாக எழுந்த மோதலில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். ‘நான் பெத்த மகனே’ என்று தமிழில் கதறிய தாயின் குரல் மலையாள நாடு முழுவதும் கேட்டது; மூணாற்று மலைக்கு மேலே தமிழ் பேசும் கேரளத்தவர் வாழ்கின்றனர் என்பதையே அப்போதுதான் பலர் உணர்ந்தனர். அபிமன்யுவின் பெயரால் வட்டவடையில் எழுந்த நூலகத்துக்குக் கேரளமெங்குமிருந்து நூல்கள் வந்து குவிந்தன. ஒரு சுவரின் சில அடி இடத்துக்காக இருபது வயது இளைஞனின் உயிர் போன கொடுமையை எந்த நூலகத்தாலும் ஈடு செய்ய இயலாது. எல்லைக் கிராமத்திலிருந்து பெருநகரக் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவருக்கு மாணவர் அமைப்பே வீடாகவும் துணையாகவும் அமைகிறது. ஆகவே அந்த அமைப்புகள் எதில் தம் ஆற்றலைச் செலவிடுகின்றன என்பது அக்குடும்பங்களின் வாழ்வைத் தொடும் கேள்வியாகும்.

மாணவர் ஆசிரியர் பொறுப்பிலும் இடர் உண்டு. 2014 ஜூன் மாதம் திருச்சூர் மாவட்டத்தில் இரு கல்வி நிலையங்களின் மலர்களில் பிரதமரைப் பற்றி வந்த பகுதிகளுக்காக வழக்குகள் பதிவாகி மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். இத்தகைய நடவடிக்கை மிகையானது என்றே கொள்ள வேண்டும். எனினும் அச்சில் ஏறும் சொல்லுக்குச் சட்டப் பொறுப்பு உண்டு என்பதை ஆசிரியர் குழு அறிந்திருப்பது அவசியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறு பற்றியது. 72ஆம் பிரிவு பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. நீதிமன்ற அவமதிப்பு என்ற அச்சமும் பலருக்கு உண்டு. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டமோ, வழக்கு நடவடிக்கையை நேர்மையாகவும் சரியாகவும் செய்தியாக்குவதும், முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமான முறையில் விமர்சிப்பதும் அவமதிப்பு ஆகா என்று தெளிவாகவே கூறுகிறது. பத்திரிகைப் பதிவுக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் கல்விசார் ஆய்விதழ்களைத் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம் மாணவருக்கு மேலும் இணக்கமானது. நீதிமன்றம் தடை செய்திருந்தாலன்றி, தீர்ப்பை எவரும் அச்சிடலாம் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், தீர்ப்பின் மூல வாசகம் எவருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து என்றும், பதிப்பாளர் தம் உழைப்பாலும் அறிவாலும் சேர்க்கும் தலைக்குறிப்பு போன்றவை அவருக்கே உரியவை என்றும் வரையறுத்தது. எனவே இதழ்களில் வந்த தலைக்குறிப்பை அப்படியே எடுத்தாளாமல், தீர்ப்பைத் தாமே படித்துத் தம் சொற்களில் தமிழில் சாரம் எழுதும் மாணவர் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறார், அதன் மூலம் அவருக்குத் தீர்ப்பு படிக்கும் பயிற்சியும் கிடைக்கிறது. அதே 52ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்துக்கு ஓர் இந்திய மொழியில் அரசின் மொழியாக்கம் வெளிவரவில்லை என்றாலோ, வந்தும் விற்பனையில் கிடைக்கவில்லை என்றாலோ, எவரும் அதை அம்மொழியில் பெயர்த்து வெளியிடலாம், அந்த மொழியாக்கத்தை அரசு ஏற்கவில்லை என்ற அறிவிப்பைக் கண்ணில் படும் இடத்தில் அச்சிட வேண்டும், அவ்வளவே.

மொழியாக்கம் தேவைப்படும் சட்டங்கள் எவை என்று எல்லைப்புற மாணவரிடம் கேட்டால் தம் வீட்டிலிருந்தே பதில் சொல்வார். 2025 வரை நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் 8.33 விழுக்காடு முதல் 20 விழுக்காடு வரை என்று போனஸின் கீழெல்லையையும் மேலெல்லையையும் வகுத்திருந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்துவிட்டுத் தாமே நடத்திய போராட்டத்தின் மையக் கோரிக்கை அந்த 20 விழுக்காடு. கொழுந்து கிள்ளி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழும் தாய்க்குப் போனஸ் பற்றிய சட்டத்தைப் படித்துச் சொல்லக் கல்லூரி செல்லும் மகளைவிடப் பொருத்தமானவர் இலர். சாதிச் சான்றிதழ் மற்றொரு கேள்வி. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள் கேரளத்தில் அச்சலுகைக்கு உரியவரா என்பது, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காலத்தில் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதைச் சார்ந்து நிற்கிறது. தனித் தொகுதியான தேவிகுளத்தின் சட்டமன்ற உறுப்பினர் தேர்வே இது தொடர்பான வழக்கில் சிக்கி, 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தால் செல்லாது எனப்பட்டு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் செல்லும் எனப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையின்போது சான்றிதழுக்காக அலையும் ஒவ்வொரு தோட்டத்து மாணவருக்கும் இவ்விரு தீர்ப்புகளும் பாடமாக வேண்டியவை. அட்டப்பாடியில் 1999ஆம் ஆண்டுப் பழங்குடியினர் நில மீட்புச் சட்டமும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அதே அளவு அவசரமானவை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்க வேண்டியது 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிகள் சட்டம். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்றும், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்றும் அச்சட்டத்தில் ஏற்பாடு உண்டு. எந்த அதிகாரியிடமும் குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு 350அ பிரிவு வழி செய்யச் சொல்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் காந்தலூரிலும் அலுவலக மேசையின் முன் நிற்கும் முதியவருக்கு இந்த உரிமை தெரிந்திருந்தால், மலையாளத்தில் மனு எழுதித் தருபவரைத் தேடி அவர் நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

சட்டம் படிக்காத மாணவர் இதில் இறங்கலாமா என்ற வினா நியாயமானது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி பதிவு செய்த வழக்கறிஞரே வழக்காடலாம். மாணவர் இதழ் ஒருவருடைய வழக்குக்கு ஆலோசனை சொல்லப் புகுந்தால் அது தவறும் தீங்கும் ஆகும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொதுவில் விளக்குவது வேறு. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவரான நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையிலான குழு 1973ஆம் ஆண்டு அறிக்கையிலேயே இலவச சட்ட உதவியில் மாணவர்களை ஈடுபடுத்துமாறு கூறியது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்டப் பணிகள் ஆணையம், சட்டத் துணைத் தொண்டர் என்னும் திட்டத்தில் பிற துறை மாணவர்களையும் பயிற்றுவித்துச் சேர்த்துக்கொள்கிறது. வட்ட அளவில் உள்ள சட்டப் பணிக் குழுக்களில் அதற்கு விண்ணப்பிக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் உழைக்கும் மாணவர், அதில் ஒரு பகுதியைச் சாலையோரப் புல் வெட்டுவதிலிருந்து இதற்குத் திருப்பினால் ஊருக்குப் பயன் மிகுதி.

தடைகள் இல்லாமல் இல்லை. மாணவர் ஆசிரியரின் பதவிக் காலம் ஓராண்டு. மலர் வெளிவரும் முன்பே சிலர் கல்லூரியை விட்டுச் சென்றுவிடுவர். சட்டக் கலைச்சொற்களில் தமிழ்நாட்டு வழக்கும் கேரளத் தமிழரின் வழக்கும் வேறுபடும். வில்லேஜ் ஆபீஸ், பட்டயம், ஆதாரம் என்று ஊர் சொல்வதையே வைத்துக்கொண்டு விளக்கத்தை அதனோடு சேர்ப்பது சிறந்த வழி. பிழையான மொழியாக்கம் மொழியாக்கமே இல்லாததைவிடக் கேடு என்பதால், அச்சுக்கு முன் ஒரு வழக்கறிஞரும் ஒரு தமிழாசிரியரும் படித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தக் கட்சியின் மாணவர் அமைப்பு ஒன்றியத்தை வென்றாலும் இந்தப் பக்கங்கள் தொடர வேண்டும். கட்சி மாறும்போது நின்றுபோகும் பணியாக இது அமைந்தால் இரண்டாம் ஆண்டிலேயே அழியும்.

சித்தூர், அட்டப்பாடி, மூணாறு, கட்டப்பனை ஆகிய ஊர்களின் கல்லூரி ஒன்றியங்கள் தங்கள் அடுத்த மலரில் பதினாறு பக்கங்களைத் தமிழ்ச் சட்டப் பகுதிக்கென ஒதுக்கி, அதில் முதலாவதாக ஆட்சிமொழிச் சட்டத்தின் சிறுபான்மை மொழி ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, அரசின் ஏற்பு பெறாத மொழியாக்கம் என்ற அறிவிப்போடு அச்சிட வேண்டும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு நீதிமன்றங்களில் தொழில் செய்யும் தமிழறிந்த வழக்கறிஞர்கள் ஆண்டுக்குச் சில மாலைகளை அந்தப் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கத் தர வேண்டும்.